ஆர்எக்ஸ் 100-க்கு விசா கிடைக்குமா?

இன்டர்னல் மார்க் வந்தாச்சா? அரியர் வெச்சிருக்கிறவங்க எல்லாம் முன் பெஞ்சுக்கு வாங்க. பயப்படாதீங்க, இந்த வாரம் படிப்பைப் பத்திப் பேசப்போறதில்லை. பைக்கைப் பத்திப் பேசப்போறோம். கடைசி பெஞ்ச் வரைக்கும் ஒருத்தரும் தூங்க மாட்டீங்கன்னு தெரியும்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற ரோடு. சுமார் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் வழி நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, மேகத்தை முண்டாசு கட்டிக்கொண்டு நிற்கும். இந்த ரோடு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஓட்டத் தோன்றும். எங்க ஊர்ப் பசங்க பலரும் பைக் பழகினதே இங்கேதான்.

எனக்கு முன்னால் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் எங்க தெருப் பையன். எனக்குத் தம்பி மாதிரி. மெக்கானிக்கல் முடித்தவன். பெயர் வேண்டாம், 'நம்ம ஹீரோ'ன்னு வெச்சுக்குவோம். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க சீட் கிடைத்திருந்தது. அதுக்கு ட்ரீட்டுதான் இந்த ரைடு.

செண்பகத்தோப்பு தெரியும்ல? 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆன காடு. 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை செக்போஸ்ட்டுக்கு மேலே நம்ம இஷ்டத்துக்கு வண்டியை முறுக்கிக்கொண்டு போக முடியாது. மரத்தடியில் வண்டிகளை நிறுத்தினோம். அவன் டேங்க்கைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, வண்டியையும் கூட எடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"எங்கடா, மதுரை ஏர்போர்ட்டுக்கா?"

"இல்லண்ணே, ஜெர்மனிக்கு!"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"தூத்துக்குடி இங்கருந்து எவ்வளவு தூரம்ணே? வ.உ.சி. கப்பல் விட்ட ஊரு. ஒரு ஆர்எக்ஸ் 100 போகாதா?"

அதுக்கப்புறம்தான் அந்த வண்டி யாருடையது என்பது எனக்கு உறைத்தது. 1993-ல், கல்யாணத்துக்கு முன்னாடியே, அவன் அப்பா வாங்கின வண்டி. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது அந்தச் சத்தத்தில்தான் எங்க தெருவில் பல வீட்டுக்கு விடியும். அவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு.

"ஒரு வாரம் டைம் குடு, விசாரிச்சுச் சொல்றேன்"னு வந்துட்டேன். விசாரித்ததைத்தான் இப்போ உங்களுக்கும் சொல்லப்போறேன். ஏன்னா, உங்களிலும் நிறையப் பேர் ஐஇஎல்டிஎஸ் புக்கும் கையுமா அலையறீங்க. உங்க வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிக்குது.

*கடல் தாண்டிய வண்டிகள்*

முதலில் ஒண்ணு. பைக் கப்பலேறுவது ஒண்ணும் நடக்காத காரியம் இல்லை. நீங்க 'நம்ம ஊரு வண்டி'ன்னு கொண்டாடுற புல்லட்டே கப்பலில் வந்து இறங்கினதுதான். 1952-ல் இந்திய ராணுவத்துக்காகப் புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் தயாராகி அடுத்த வருஷம் மதராஸ் வந்து சேர்ந்தன. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் ஃபேக்டரி வந்தது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. 1977-ல் என்ன நடந்தது தெரியுமா? நம்ம மதராஸ் புல்லட், பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி ஆகிக் கப்பலேறியது!

இன்னொருத்தர், டெட் சைமன். பிரிட்டிஷ் பத்திரிகையாளர். 1973-ல் 500 சிசி டிரையம்ஃப் வண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார். நாலு வருஷம், நாற்பத்தைந்து நாடு. ரோடு முடிந்த இடத்தில் எல்லாம் வண்டியைக் கப்பலில் ஏற்றினார். மலேசியாவிலிருந்து நம்ம மதராஸுக்கும் அப்படித்தான் வந்தார். அந்த டிரையம்ஃப் இப்போ இங்கிலாந்தில் கவென்ட்ரி அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்குது.

"அப்போ அனுப்பிடலாம்ல?"னு குதிக்காதீங்க. புல்லட் போனது வியாபாரம். டெட் சைமன் போனது பயணம். நம்ம ஹீரோ போறது குடியிருக்க. மூணும் மூணு கணக்கு.

*பயணம் போறவனுக்குப் பாஸ்போர்ட்*

நாடு நாடா ஓட்டிக்கிட்டுப் போய், அதே வண்டியோடு திரும்பி வர்றவங்களுக்கு 'கார்னே' என்று ஒரு ஆவணம் உண்டு. வண்டிக்கான பாஸ்போர்ட் மாதிரி. 'இதை உங்க நாட்டில் விற்க மாட்டேன், திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்' என்கிற உத்தரவாதம். நம்ம நாட்டில் மும்பையில் இருக்கிற மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் மூலமாக வாங்குவாங்க. ஒரு வருஷம் செல்லும். அதுக்குப் பிணையாகப் பெரிய தொகைக்கு வங்கி உத்தரவாதம் தரணும். வண்டி திரும்பலேன்னா பணத்துக்குத் தீபாராதனை!

ரெண்டு வருஷம் படிச்சு, அப்படியே வேலை தேடி உட்காரப்போறவனுக்கு இது தோதுப்படாது. கார்னே என்பது போய்த் திரும்புறவனுக்கு.

*புதுசு போகாது, பழசு போகும்!*

குடியேறப் போறவங்க வண்டியை நிரந்தரமாக இறக்குமதி செய்யணும். இங்கேதான் நாட்டுக்கு நாடு கூத்து. நம்ம நினைப்பு என்ன? 'புது வண்டின்னா ஈஸியா விடுவாங்க, பழசுன்னா தகராறு'. பல நாட்டில் நேர் தலைகீழ், பாஸ்!

அமெரிக்கா: அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிக்கும் புகை விதிக்கும் ஏற்பத் தயாரித்ததுன்னு கம்பெனி லேபிள் வேணும். இந்தியாவில் விற்க இந்தியாவுக்காகச் செய்த வண்டியில் அது இருக்காது. ஆனால் 25 வயசு தாண்டிய வண்டிக்குப் பாதுகாப்பு விதியில் விலக்கு உண்டு. 21 வயசு தாண்டி, அசல் நிலை மாறாமல் இருந்தால் மத்திய அரசின் புகை விதியிலும் விலக்கு. போன வருஷம் லோன் போட்டு வாங்கின வண்டி போகாது. தாத்தா காலத்து வண்டி போகலாம்! (மாநிலங்களின் ரிஜிஸ்ட்ரேஷன் விதி வேற தனி.)

கனடா: அங்கே எல்லைக்கோடு 15 வயசு.

ஆஸ்திரேலியா: வண்டி கப்பலேறுறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். சொந்த உபயோகத்துக்குன்னு கொண்டுபோக, வெளிநாட்டில் குறைந்தது 12 மாசம் வெச்சு ஓட்டியிருக்கணும். நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ அதுக்கான விண்ணப்பமோ இருக்கணும். ஸ்டூடன்ட் விசா இதுக்குப் போதாது. 25 வயசு தாண்டிய வண்டிக்குத் தனி வழி உண்டு. ஆனால் பழைய பிரேக் ஷூ, கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடாது. 2003 கடைசியிலிருந்து அங்கே தடை. இன்னொண்ணு, டயர் இடுக்கில் மண் ஒட்டியிருந்தால் உள்ளே விடமாட்டாங்க. செண்பகத்தோப்பு மண்ணை ஒரு சிட்டிகை விடாமல் கழுவிட்டுத்தான் போகணும்!

சிங்கப்பூர்: இது தலைகீழுக்குத் தலைகீழ். 3 வயசு தாண்டிய பழைய வண்டி உள்ளேயே வரக் கூடாது. வந்தாலும் 'சிஓஇ'ன்னு பத்து வருஷ உரிமத்தை ஏலத்தில் எடுக்கணும். அந்த உரிமம் பல சமயம் வண்டி விலையைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

நம்ம ஹீரோ போகிற ஜெர்மனி: குடிபெயர்ந்து வர்றவங்க சாமானுக்கு வரிச்சலுகை இருக்கு. அதுக்கு, வண்டியைக் குறைந்தது ஆறு மாசம் சொந்தமாக வெச்சு ஓட்டியிருக்கணும். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே ஒரு வருஷம் வசித்திருக்கணும். போன பிறகு ஒரு வருஷம் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. படிக்க வர்றவனைக் குடிபெயர்ந்தவன்னு ஒத்துக்குவாங்களா என்பதே முதல் பஞ்சாயத்து. அதைத் தாண்டினால் பரிசோதனை. நம்ம ஊர் வண்டிக்கு ஐரோப்பிய ஒப்புதல் சான்று கிடையாது. நிபுணர் ஒருத்தர் அந்த ஒரு வண்டியை மட்டும் தனியாக நிறுத்தி லைட், பிரேக், புகை, சத்தம் எல்லாம் பார்த்து ஓகே சொல்லணும்.

30 வயசு தாண்டிய வண்டிக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. நம்பர் பிளேட் கடைசியில் 'ஹெச்' எழுத்துப் போட்டு 'பழம்பெரும் வாகனம்'னு பதிவு பண்ணுவாங்க. ஆனால் அசல் நிலையில் இருக்கணும். நம்ம ஹீரோவோ ஹேண்டில்பார், சைலன்ஸர், ஹெட்லைட், சீட்டுன்னு எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கான். மாத்தாம விட்டது பெட்ரோல் டேங்க் ஒண்ணைத்தான். அப்பா வாங்கின அதே கறுப்பு டேங்க்.

*கப்பல்காரன் கணக்கு*

பெங்களூருக்கோ சென்னைக்கோ ரயில் பார்சலில் வண்டி அனுப்பின அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். பெட்ரோலை வடிச்சு, சாக்குச் சுத்தி, ஆர்சி ஜெராக்ஸ் குடுத்தா வேலை முடிஞ்சுது. கப்பல் அப்படி இல்லை.

மரப்பெட்டி அடிக்கணும். பெட்ரோலைச் சுத்தமாக வடிக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டணும். பெட்ரோல் வண்டி என்பது சரக்குப் போக்குவரத்தில் 'அபாயகரமான சரக்கு'ப் பட்டியலில் வர்ற ஐட்டம். கஸ்டம்ஸ் வேலைக்குக் கிளியரிங் ஏஜென்ட் வேணும்.

அடுத்தது வாடகை. ஆர்எக்ஸ் 100 சுமார் நூறு கிலோ. 'நூறு கிலோதானே'ன்னு நினைப்போம். ஆனா கன்டெய்னரில் கொஞ்சம் இடம் வாங்கி அனுப்பும்போது எடை, அடைக்கிற இடம் ரெண்டையும் பார்த்து எது அதிகமோ அதுக்குத்தான் காசு. ஒரு கன மீட்டர் இடத்தை ஒரு டன்னுக்குச் சமமா வெச்சுப் பார்ப்பாங்க. ரெண்டு மீட்டருக்கு மேல் நீளம், ஒரு மீட்டருக்கு மேல் உயரம்னு பெட்டி அடிச்சா ரெண்டு கன மீட்டரைத் தொடும். ஆக, நூறு கிலோ வண்டிக்கு ரெண்டு டன் கட்டணம்!

அதோட முடியாது. அந்தப் பக்கத் துறைமுகத்தில் இறக்குகூலி, ஆவணக் கட்டணம், தாமதமானால் கிடங்கு வாடகை. அதனால் எந்த ஏஜென்ட்டிடமும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நீங்க சொல்ற ரேட்டு துறைமுகம் வரைக்குமா, வீட்டு வாசல் வரைக்குமா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காம ஏமாந்தவங்க அதிகம்.

திரும்பி வரும்போது? பழைய வண்டியை இந்தியாவுக்குள் இறக்குமதி பண்ண 3 வயசுதான் வரம்பு. இங்கிருந்து போன வண்டியே திரும்பி வருதுன்னா தனிச் சலுகை உண்டு. அதுக்குக் காலக்கெடு இருக்கு. போன வண்டியும் வந்த வண்டியும் ஒண்ணுதான்னு காட்ட, போகும்போதே சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பரோடு பேப்பர் பண்ணியிருக்கணும். இல்லேன்னா உங்க வண்டியே உங்களுக்கு வெளிநாட்டு வண்டி.

*வண்டி போகும்... ஓட்டுறவன்?*

இதை யாருமே யோசிக்கிறதில்லை. ஜெர்மனியில் குடியேறின பிறகு நம்ம இந்திய லைசென்ஸ் ஆறு மாசம்தான் செல்லும். அப்புறம் அங்கே எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு ரெண்டும் பாஸ் பண்ணணும். நம்ம ஆர்டிஓ ஆபீஸ் தரும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் ஒரு வருஷத்துக்குத்தான். அதுவும் சுற்றிப் பார்க்கப் போறவனுக்கான ஏற்பாடு. வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் அங்கே நம்பர் பிளேட்டே கிடைக்காது. இதுக்கு நடுவில் பனிக்காலம், ரோடெல்லாம் உப்பு. பல யூனிவர்சிட்டிகளில் செமஸ்டர் கட்டணத்தோடயே ரயில், பஸ் பாஸ் குடுத்துடறாங்க. வண்டி எங்கே நிற்கும்? மாணவர் விடுதி சைக்கிள் ஷெட்டில், உறை போர்த்திக்கிட்டு.

ஆக என் தீர்ப்பு இதுதான். படிக்கப் போறவன் வண்டியைக் கப்பலேத்தக் கூடாது. வேலை கிடைச்சு, நிரந்தரமா இருக்கப் போறோம்னு தெரிஞ்சு, அந்த ஊர் லைசென்ஸும் எடுத்து, அதுக்கப்புறமும் அந்த வண்டிதான் வேணும்னு மனசு சொன்னா, அன்னிக்கு யோசிக்கலாம். பழைய வண்டிக்கு வயசு கூடக் கூடச் சில நாட்டில் கதவு இன்னும் திறக்குமே தவிர, மூடாது. அவசரமே இல்லை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கிட்டு அடுத்த ஞாயிறு ஹீரோ வீட்டுக்குப் போனேன்.

*அந்த ஒரு கேள்வி*

பொறுமையா எல்லாத்தையும் கேட்டான். ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருந்தான். "பார்ட்-டைம் வேலை பார்த்துக் கட்டிடுவேன்ணே", "லைசென்ஸ் எடுத்துடுவேன்ணே", "அசல் சைலன்ஸர் மாடியிலதான் கிடக்கு, மாட்டிடுவேன்ணே". மனசு முடிவு பண்ணிட்டா கணக்கு என்ன பண்ணும்?

கடைசியில், ஃபாரம் நிரப்புறதுக்காகச் சாதாரணமாகக் கேட்டேன். "ஆர்சி யார் பேர்லடா இருக்கு?"

பேச்சு நின்னுடுச்சு.

அப்பா பேரில்தான் இருந்தது. மூணு வருஷமா மாத்தவே இல்லை. சட்டம் என்ன சொல்லுதுன்னு நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. வண்டி உரிமையாளர் இறந்துட்டா, 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் சொல்லணும். மூணு மாசத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வேணும். மாத்தாம ஓட்டிக்கிட்டிருந்தா, ஒரு விபத்துன்னு வரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிற முதல் கேள்வியே நம்மை மடக்கிடும்.

ஆக, ஜெர்மனி சட்டம் கேட்கிற 'சொந்தமாக ஆறு மாசம்' என்பதே கிடையாது. மூணு வருஷமா 'என் வண்டி, என் வண்டி'ன்னு முறுக்கிட்டுத் திரிஞ்சவனுக்கு, பேப்பர்படி அது அவன் வண்டியே இல்லை.

"ஏன்டா மாத்தல?"

கொஞ்ச நேரம் டேங்க்கையே பார்த்துக்கிட்டிருந்தான். "மாத்தினா அப்பா பேரு போயிடும்லண்ணே."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. உள்ளே காபி ஆத்திக்கிட்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கு. டம்ளரோடு வெளியே வந்தாங்க.

"வாரிசுன்னு சொன்னா நீ மட்டுமாடா? நானும் உன் தங்கச்சியும் யாரு? ஊருக்கெல்லாம் விசாரிச்சியே, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? அந்த மனுஷன் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தெருமுக்குலயே சத்தம் கேக்கும். அதைக் கேட்டுத்தான் அடுப்புல பால் வெப்பேன். இப்ப நீ எடுத்துட்டு வெளிய போயிட்டு வரும்போதும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயும் போயி, வண்டியும் போயிட்டா..."

முடிக்கலை. காபியை வெச்சுட்டு உள்ளே போயிட்டாங்க.

பாஸ், ஒரு வாரமா நானும் அவனும் சேர்ந்து 'கொண்டுபோக முடியுமா?'ன்னே கேட்டுக்கிட்டிருந்தோம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா விதியெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு. ஆனா 'இது யாரோட வண்டி? நாம போன பிறகு இதை யாருக்குத் தேவை?'ன்னு ரெண்டு பேருக்குமே கேக்கத் தோணலை. அடுப்படியில் இருந்தவங்க கேட்டாங்க.

*வண்டி செத்த பிறகு*

அன்னிக்குச் சாயங்காலம் மறுபடி செண்பகத்தோப்பு ரோடு. "வண்டி இல்லாம அங்க போயி நான் யாருண்ணே?"ன்னு கேட்டான். சும்மா கேட்கலை, நிஜமாகவே கேட்டான். வெளிநாடு போற ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு ராத்திரி இதைக் கேட்டிருப்பீங்க.

அவன் டி-ஷர்ட்டில் இருந்த ஆளையே காட்டினேன். சே குவேரா. 1952-ல் நண்பர் ஆல்பெர்ட்டோ கிரனாடோவோடு தென் அமெரிக்கா சுற்றக் கிளம்பினது 500 சிசி நார்ட்டன் வண்டியில். வண்டி கிரனாடோவுடையது. சும்மா சும்மா விழுந்து எழுந்து, கடைசியில் சிலி நாட்டில் உசிரை விட்டது. சாண்டியாகோவில் அதைப் போட்டுட்டு, லாரியில் லிஃப்ட் கேட்டும் நடந்தும் போனாங்க. சுக்கிகமாட்டா சுரங்கம் போகிற வழியில், வேலையில்லாத ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் குளிர் ராத்திரியில் சந்திச்சது வண்டி போன பிறகுதான். பெரு நாட்டுத் தொழுநோய் மருத்துவமனை, அமேஸான் நதிப் பயணம் எல்லாமே வண்டி போன பிறகுதான். 'மோட்டார் சைக்கிள் டைரி'ன்னு பேரு. ஆனா பயணத்தில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளே கிடையாது!

"அப்ப அது யாரு டைரிண்ணே?"ன்னு சிரிச்சான். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

*விட்டுட்டுப் போறது எப்படி?*

எடுத்துட்டுப் போறதுக்கு எவ்வளவு விவரம் வேணுமோ, விட்டுட்டுப் போறதுக்கும் அவ்வளவு வேணும். குறிச்சுக்கோங்க:

விற்கிறீங்களா? சாவியைக் குடுத்துக் காசை வாங்கிட்டு ஃப்ளைட் ஏறிடாதீங்க. படிவம் 29, 30 போட்டு, ஆர்சியில் பேர் மாறினதைக் கண்ணால் பார்த்துட்டுப் போங்க. பேர் மாறாத வண்டி எங்கேயோ மோதினா, நோட்டீஸ் உங்க அம்மா கைக்கு வரும்.

வீட்டிலேயே நிறுத்தறீங்களா? கார்புரேட்டரில் நிற்கிற பெட்ரோலை வடிச்சுடுங்க. மாசக்கணக்கில் நின்னா கோந்து மாதிரி ஆகி அடைச்சுக்கும். இரும்பு டேங்க்கை அரையும் குறையுமா விடாதீங்க, உள்ளே துருப் பிடிக்கும். பேட்டரியைக் கழட்டுங்க. சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. செயினுக்கு ஆயில் விடுங்க. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்து வண்டி கெட்டுடும். பழைய போர்வை போதும். இன்ஷூரன்ஸ், 15 வருஷம் தாண்டிய வண்டின்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கிறது, ரெண்டு தேதியையும் காலண்டரில் எழுதி ஒட்டுங்க.

இதையெல்லாம் விட நல்ல வழி, ஓட்டுற ஆள் கையில் குடுத்துட்டுப் போறது. வண்டி நின்னு கெடும் அளவுக்கு ஓடிக் கெடாது.

நம்ம ஹீரோ கடைசியில் அதைத்தான் செஞ்சான். அவன் தங்கச்சி பி.காம். ரெண்டாவது வருஷம். தினமும் பஸ்ஸுக்கு ஓடுற பொண்ணு. "எனக்கு அந்த வண்டியைக் கத்துக்கணும்னு ப்ளஸ் டூல இருந்தே ஆசை. கேட்டா நீ தொடவே விடமாட்டியே!"ன்னு ஒரே போடு போட்டிருக்கா. அவனும் கோர்ட்டில் நிக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டானாம்.

வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஆர்சி அம்மா பேருக்கு மாறப்போகுது. தங்கச்சி எல்எல்ஆர் போட்டாச்சு. அசல் சைலன்ஸர் மாடியிலிருந்து இறங்கி மறுபடி வண்டியில் ஏறியாச்சு. அது அம்மாவோட ஆர்டர்!

போன ஞாயிறு மறுபடி அதே ரோடு. இந்தத் தடவை எனக்கு முன்னால் போன ஆர்எக்ஸில் 'எல்' போர்டு. தங்கச்சி ஓட்ட, நம்ம ஹீரோ பின்னாடி. முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகலை, ரெண்டாவதில் கிக்கர் திருப்பி உதைச்சு "அம்மா"ன்னு கத்தினா, மூணாவதில் பிடிச்சுது. வழியில் ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு "கிளட்ச்... கிளட்ச்"னு இவன் கத்தின கத்தலில் தோப்பில் இருந்த மயிலெல்லாம் பறந்திருக்கும். செக்போஸ்ட்டில் இறங்கினப்ப அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமான்னு கேட்டா இல்லை. வருத்தமான்னு கேட்டா அதுவும் இல்லை. "அண்ணே, இவ நல்லா ஓட்டுவா"ன்னான். அவ்வளவுதான்.

அடுத்த மாசம் ஃப்ளைட். லக்கேஜில் வண்டி இல்லை. ஸ்பேர் சாவி மட்டும் இருக்கு.

சரி பாஸ், உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, நீங்க ஓட்டுற வண்டியோட ஆர்சியை எடுத்துப் பாருங்க. யார் பேரில் இருக்குன்னு பாருங்க. வெளிநாடு போற ஐடியா இருந்தா, வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்க: "நான் போயிட்டா இந்த வண்டி யாருக்கு வேணும்?" நீங்க நினைச்சே பார்க்காத ஆள் கையைத் தூக்கலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை ஹெல்மெட்டைத் தலையில் போடுங்க, டேங்க் மேல வைக்காதீங்க!